உருக்கின் வரலாறும் ஓய்வுநேரக் கொல்லர்களும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நம் சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் எழுதுதற்குக் கற்றறிந்தோர் நம்மிடையே பலர் உளர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, டாட்டாநகர் நிலையத்தில் சரக்குச் சீட்டுகளோடு காலங்கழிக்கும் எளியேன் எதை எழுதுவது? இரும்பூரில் வாழ்கிறோம், ஆதலின் இரும்பைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன். அதிலும், இரும்பினால் ஆன பொருள்களுள் நம் இல்லங்களில் நாள்தோறும் கைபடும் கத்தியைப் பற்றியும், அதைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் ஆர்வலர்களைப் பற்றியும் எழுத விரும்பினேன். இவ்வரலாறு நம் சேலத்து மண்ணிலே தொடங்கிக் கடல்கடந்து சென்று, மீண்டும் நம் குடியிருப்பின் கொல்லைப்புறத்திற்கே வந்து சேரும் விந்தையை அன்பர்கள் இறுதியில் காண்பீர்கள்.

இதனை எழுதத் தூண்டியது ஓர் அரிவாள்மணை. என் அன்னையார் மணமாகிப் புகுந்தபோது கஞ்சமலையை அடுத்த எங்கள் ஊர் ஆசாரியார் அடித்துக் கொடுத்தது அது. பின்னர் என்னோடு இவ்வூர் வந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறியபோது, மூட்டையின்கீழ் அகப்பட்டு அதன் அலகு முறிந்துவிட்டது. அண்டை வீட்டு வங்காள அம்மையார் தம் 'பொட்டி'யைக் கொடுத்து உதவினார். அதுவும் நம் அரிவாள்மணையின் உடன்பிறப்பே. ஆயினும் அன்னையாரின் முகம் தெளியவில்லை. கடையில் வாங்கிய எவர்சில்வர் கத்தியை அவர் தொடவும் இல்லை. முறிந்த அலகைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதனை நாமே செய்ய இயலாதா?' என்று எண்ணினேன். அந்த எண்ணமே என்னை நூலகத்திற்கும், பிறகு உலைக்கும் இட்டுச் சென்றது.

பழம்பெருமை

தமிழகத்தில் இரும்பின் தொன்மை நாளுக்கு நாள் பின்னோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பவர் அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளோடு ஏராளமான இரும்புப் படைக்கலங்களும் கருவிகளும் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022 இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலம் அதனினும் பழமையானது, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டினது, என்று 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை கூறிற்று. இக்காலக் கணிப்புகளை அறிஞர்கள் மேலும் ஆராய்ந்து வருகின்றனர். அவர்தம் முடிவு எதுவாயினும், நம் முன்னோர் இரும்பை மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இரும்பு வேறு, உருக்கு வேறு. உலையில் சிறுகச் சிறுக உருவாகும் தேனிரும்பு மென்மையானது. அதனால் ஆணி அடிக்கலாம், கூர்மை நிலைக்காது. அதனோடு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற சிறு அளவில் கரி கலந்தால் அதுவே உருக்காகிறது. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் உலைகளின் எச்சங்களும் மூசைகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர் இதுவே என்பர். பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் மேல்சிறுவளூர் என்னும் ஊரிலும் உருக்கு வடித்த மூசைகளின் குவியலை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994 இல் வெளியிட்டார்.

மூசையில் பிறந்த உருக்கு

அக்காலத்து முறை எளியது. ஆனால் மிக நுட்பமானது. களிமண்ணோடு உமியைக் கலந்து பிசைந்து சிறு மூசைகளைச் செய்வர். ஒவ்வொன்றிலும் அரைப் பவுண்டு முதல் இரண்டு பவுண்டு வரை தேனிரும்புத் துண்டுகளை இட்டு, அவற்றோடு உலர்ந்த ஆவாரங்குச்சிகளைப் போட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் வளைவாக அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் இடைவிடாது ஊதுவர். ஆவாரங்குச்சி கரியாகி, அக்கரி இரும்பில் ஏறி, இரும்பு உருகும். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளே கொழுக்கட்டை போன்றதோர் உருக்குக் கட்டி இருக்கும். வேலியோரத்து ஆவாரையும் தரிசு நிலத்து எருக்கும் வயலில் எஞ்சிய உமியுமே இத்தொழிலின் மூலதனம். கஞ்சமலைச் சாரலிலே மழைக்குப் பின் ஓடைகளில் படியும் கருமணலே கனிப்பொருள். இவ்வளவே கொண்டு உலகம் வியந்த உருக்கை வடித்தனர் நம்மவர்.

இக்கட்டிகள் தெலுங்கு நாட்டுக் கோனசமுத்திரம் போன்ற ஊர்களிலிருந்தும் வெளிநாடு சென்றன. பாரசீக வணிகர்கள் அவ்வூர்வரை வந்து நேரில் வாங்கிச் சென்றனர். மேற்காசியக் கொல்லர்கள் அவற்றை வாள்களாக அடித்தபோது, அலகின்மேல் நீரலை போன்ற வரிகள் தோன்றின. அவ்வாள்களே 'டமாஸ்கஸ் வாள்' எனப் புகழ்பெற்றன. பெயர் டமாஸ்கஸ் நகரத்தது, உருக்கோ இந்தியாவினது.

மேனாட்டார் வியப்பு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் இவ்வுருக்கின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 'உக்கு' என்ற கன்னடச் சொல் ஆங்கிலேயர் வாயில் 'ஊட்ஸ்' எனத் திரிந்தது என்பர். 1795 இல் ஜார்ஜ் பியர்சன் அதனை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். லண்டனில் அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் அதனைக் கொண்டு கத்திகள் செய்து, அதனினும் மேலான உருக்கில்லை எனப் பாராட்டினார். அவரோடு சேர்ந்து 1820 லும் 1822 லும் உருக்குக் கலவைகளை ஆராய்ந்து எழுதியவர் யார் தெரியுமா? மின்சாரத் துறையில் பின்னர் பெரும்புகழ் எய்திய மைக்கேல் பாரடே. அவர் தந்தையார் ஒரு கொல்லர் என்பதை நினைக்கும்போது மகிழ்ச்சி உண்டாகிறது. ஆயினும், அலுமினியமும் சிலிக்காவும் கலந்தமையே இதன் சிறப்பிற்குக் காரணம் என்று பாரடே கருதியது பிழையாயிற்று. ரஷ்ய நாட்டில் ஸ்லாத்தவுஸ்த் என்னும் ஊரில் பாவெல் அனோசவ் பல்லாண்டு முயன்று, வரியோடிய உருக்கை வடித்து 1841 இல் நூல் வெளியிட்டார். பெருமக்கள் பலர் முயன்றும், பழைய வாளின் வரிகள் எவ்வாறு உண்டாயின என்னும் முழு மறைபொருள் விளங்கவில்லை.

அணைந்த உலைகள்

இதற்கிடையில் இங்கே உலைகள் அணையத் தொடங்கின. காரணங்கள் பல. ஜோசியா மார்ஷல் ஹீத் என்பவர் 1830 அளவில் பறங்கிப்பேட்டையில் சேலத்துக் கனிப்பொருளைக் கொண்டு பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினார், அது நிலைக்கவில்லை. 1856 இல் பெஸ்ஸமர் முறை தோன்றி, இங்கிலாந்தில் உருக்கு மலிந்தது. 1878 இல் ஆயுதச் சட்டம் வந்தது. வாள் செய்வோருக்கு வேலை குறைந்தது. 1882 இல் சென்னை வனச் சட்டம் வந்தது. கரிக்கு மரம் வெட்டுதல் அரிதாயிற்று.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். 1856 சூலை 1 ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடுவரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. அதன் தண்டவாளங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. அத்தண்டவாளங்களின்மேல் ஏறி மலிவான சீமை இரும்பும் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்தது. எனக்குச் சோறிடும் ரயிலே என் ஊர்க் கொல்லரின் சோற்றுக்கு உலைவைத்தது. ரயிலைப் பழிக்க இதனைச் சொல்லவில்லை. வரலாற்றில் நன்மையும் தீமையும் ஒரே வண்டியில் வருவதுண்டு.

அதற்கு நம் ஊரே சான்று. 1907 இல் டாட்டா இரும்பு உருக்குக் கம்பெனி பதிவாயிற்று. 1912 பிப்ரவரியில் சாக்சி என்னும் இச்சிற்றூரில் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. முதல் உலகப்போரில் இங்கு செய்த தண்டவாளங்கள் மெசபடோமியாவரை சென்றன. 1919 இல் செம்ஸ்போர்டு பிரபு சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். காளிமாட்டி நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. இந்த ஆலைக்கு முன்னரே இந்த நாட்டுக் காடுகளில் அசுரர் என்னும் பழங்குடி மக்கள் சிற்றுலைகளில் இரும்பு உருக்கி வந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்களுடைய உலைகளும் நம் கொல்லர் உலைகளைப் போன்றே அணைந்தன. வெவ்வேறு மொழி பேசும் இரு குடிகளுக்கு ஒரே விதி நேர்ந்தது. எங்கள் கஞ்சமலை அடிவாரத்தில் 1981 இல் சேலம் உருக்காலை உற்பத்தி தொடங்கிற்று. அது வடிப்பது துருப்பிடிக்காத உருக்கு. மூசை உருக்கு மட்டும் மீளவில்லை.

கொல்லைப்புறத்து உலைகள்

மறைந்த கலையை மீட்டவர்கள் யார் எனில், பெரிய ஆலையினர் அல்லர்; ஓய்வுநேரத்தில் கத்தி செய்து மகிழ்ந்த எளிய மனிதர்களே. இஃது அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. 1937 இல் போ ராண்டல் என்னும் கிச்சிலித் தோட்டக்காரர், ஒருவர் கத்தியால் படகின் வண்ணப்பூச்சைச் சுரண்டுவதையும், அவ்வளவு சுரண்டியும் அதன் முனை மழுங்காதிருந்ததையும் கண்டார். அது வில்லியம் ஸ்கேகல் என்பவர் கையால் செய்த கத்தி. அதனைக் கண்டு ஆர்வங்கொண்ட ராண்டல் பொழுதுபோக்காகக் கத்தி செய்யத் தொடங்கினார். 1950களில் பாப் லவ்லெஸ் என்னும் கப்பல் ஊழியர் ராண்டலின் கத்தியை வாங்கச் சென்றார். பல மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்றனர். காத்திருக்க மனமின்றிப் பழைய மோட்டார் வண்டியின் கமான் பட்டையை எடுத்து, கப்பலின் சமையலறை அடுப்பிலேயே காய்ச்சித் தாமே ஒரு கத்தியை அடித்துக்கொண்டார். பின்னாளில் அந்நாட்டின் தலைசிறந்த கத்திக் கலைஞருள் ஒருவர் ஆனார்.

1973 இல் பில் மோரான் என்பவர் பல தகடுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒட்டிய வரிக்கத்திகளைக் காட்சியில் வைத்தார். 1976 இல் அவர் முயற்சியால் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் ஏற்பட்டது. அச்சங்கத்தார் வைக்கும் தேர்வு சுவையானது. தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டங்களை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பின்னும் அதே கத்தி கைம்மயிரைச் சிரைக்க வேண்டும். இறுதியில் அதனை இடுக்கியில் பிடித்து நேர்கோணமாக வளைத்தாலும் முறியலாகாது. வலிமையும் கூர்மையும் வளைதலும் ஒன்றாக அமைந்தாலன்றித் தேர்ச்சி இல்லை.

மோரானின் வரிகள் அடுக்கினால் வந்தவை. நம் வீச்சுப் பரோட்டாவின் மடிப்புகளைப் போன்றவை. பழைய டமாஸ்கஸ் வாளின் வரிகளோ, நெய் உறையும்போது உள்ளுக்குள்ளே மணல் மணலாகத் திரள்வது போலத் தாமே திரண்டவை. அதனை விளங்கிக்கொண்டவர் இருவர். ஒருவர் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன். மற்றவர் புளோரிடாவில் குதிரைகளுக்கு இலாடம் கட்டும் தொழிலினர் ஆல்பிரட் பெண்ட்ரே. பெண்ட்ரே தம் உலையிலே மூசையை வைத்து, இரும்போடு மரக்கரியும் கண்ணாடித் துண்டுகளும் பசிய இலைகளும் இட்டு உருக்கை வடித்தார். பின் மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்தார். வரிகள் தோன்றின. வனேடியம் போன்ற தனிமங்கள், லட்சத்தில் நான்கு பங்கு என்ற மிக நுண்ணிய அளவில் கலந்திருப்பினும், அவ்வரிகளுக்கு வித்தாகின்றன என்று அவர்கள் 1998 இல் வெளியிட்டனர். அத்தகைய கனிப்பொருள் தீர்ந்ததும், தலைமுறையாக வந்த தொழிலறிவு அற்றுப்போனதும் கலை மறைந்ததற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

அன்பர்களே, அந்தப் பசிய இலைகளைப் பற்றிப் படித்தபோது என் கண்கள் கலங்கின. நம் எருக்கிலையல்லவா அது! பாரடேக்கு விளங்காத ஒன்றை ஓர் இலாடக்காரரின் கைகள் அறிந்தன. சேலத்துக் கொல்லர்களின் கைகளும் அதனை அறிந்திருந்தன. ஆனால் அவர்களின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

என் சிறு முயற்சி

மூசை உருக்கு என் போன்றோர்க்கு எட்டாத கனி. ஆனால் இருக்கும் உருக்கைக் கத்தியாக்க நிறைந்த பட்டறை வேண்டியதில்லை. என்னிடம் இருந்தவை இரண்டு அரங்கள், ஒரு வாள்பட்டை, ஒரு சுத்தியல், ஒரு குறடு, ஒரு காந்தத்துண்டு, சாணைக்கல் ஆகியவையே. கொல்லையில் ஒரு முழக் குழி தோண்டிக் களிமண் பூசி உலையாக்கினேன். துருத்திக்குப் பதிலாக என் மகளின் கூந்தல் உலர்த்தும் கருவி உதவிற்று. பட்டடைக்குத் தண்டவாளத் துண்டே சிறந்தது என்பர். ரயில்வே ஊழியனாகிய நான் அதனைத் தொடலாமா? 1966 ஆம் ஆண்டு ரயில்வே உடைமைச் சட்டத்தை நன்கு அறிவேன். பழைய இரும்புக் கடையில் வாங்கிய சம்மட்டித் தலையொன்றை மரக்கட்டையில் பதித்துப் பட்டடையாக்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு பழைய அரத்தைக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டு மென்மையாக்கி, சிறு கத்தியாகத் தேய்த்தேன். மீண்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். 'டிங்' என்ற ஒலி கேட்டது. அலகு இரண்டாக வெடித்திருந்தது. ஊர் ஆசாரியாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வயது எண்பதுக்கு மேல் ஆகிவிட்ட அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "தம்பி, என்ன நெறத்துல எடுத்தீங்க?" என்னால் விடை கூற இயலவில்லை. நான் நிறத்தைப் பார்க்கவே இல்லை. நெருப்பை மட்டுமே பார்த்திருந்தேன்.

அதன் பின் லாரியின் கமான் பட்டை ஒன்றை விலைக்கு வாங்கி, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அரத்தால் தேய்த்து அரிவாள்மணையின் வளைவைக் கொண்டுவந்தேன். இம்முறை மாலை மங்கிய பின்னரே காய்ச்சினேன். நிறம் இருட்டில்தான் தெளிவாகத் தெரியும். இரும்பு 770 டிகிரி அளவில் காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்றே மேலாகக் காய்ச்சி, இளஞ்சூடான கடலை எண்ணெயில் தோய்த்தேன். அரம் வைத்து உரசினால் வழுக்கியது. கடினமாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். அந்நிலையில் விட்டால் கண்ணாடிபோல் உடையும். ஆதலின் தேய்த்துப் பளபளப்பாக்கி, ரொட்டி சுடும் மின்னடுப்பில் 200 டிகிரியில் இருமுறை, முறைக்கு ஒரு மணி நேரம் வைத்தேன். அலகில் வைக்கோல் நிறம் படிந்தது. பதம் என்று நம் ஆசாரிகள் சொல்வது அதுவே.

இதனை முயல விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குத் தோற்செருப்பும் இன்றி உலையருகே செல்லற்க. எண்ணெய் தீப்பற்றக்கூடும், மூடியும் ஒரு வாளி மணலும் அருகில் இருத்தல் வேண்டும். முலாம் பூசிய இரும்பைக் காய்ச்சற்க. அதன் புகை நஞ்சு. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உரிய கருவிகளையே செய்க. போர்க்கருவி செய்தல் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் தளைக்குட்பட்டது.

முடிவுரை

பழைய மணைக்கட்டையிலேயே புதிய அலகைப் பொருத்தி, சென்ற ஆயுத பூசைக்கு முதல் நாள் அன்னையார் முன் வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் அமர்ந்து ஒரு வாழைக்காயை நறுக்கினார். பின்பு இஞ்சியை மெல்லிய வில்லைகளாக அரிந்தார். "நறுக்குது கண்ணு. ஆனா ஆசாரி போட்டதாட்டம் இல்ல. இன்னும் கை பழகோணும்" என்றார். மறுநாள் பூசையில் அதனைக் கல்விப் புத்தகங்களின் அருகில் தம் கையாலேயே வைத்துப் பொட்டிட்டார். அதைவிட எனக்கு வேறு பரிசு வேண்டுமோ?

அந்த முதிய ஆசாரியாரின் மகனார் இப்போது வேறு தொழில் செய்கிறார். பெரியவரிடம் உள்ள நிற அறிவு அவரோடு போய்விடும் நிலையில் இருக்கிறது. சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்று மூன்று நாள் அவருடன் அமர்ந்து, அவர் சொன்னவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மூசை வடித்த கொல்லர்களின் பெயரை எழுதிவைக்காத பிழையை நம் காலத்திலும் செய்யலாகாது. நம் குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு குடும்பத்திலும், ஊரிலிருந்து வந்த ஏதேனும் ஒரு கைவேலைப் பொருள் இருக்கும்: துருவுகோல், உரல், முறம், குத்துவிளக்கு. அதனைச் செய்தவர் யார், எந்த ஊரினர், எவ்வாறு செய்தார் என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டுப் பிள்ளைகள் எழுதிவைப்பார்களாக. அடுத்த ஆண்டு மலரில் அக்குறிப்புகள் இடம்பெறுமானால், இவ்வெளியேன் எழுதியதன் பயன் கைகூடியதாகக் கருதுவேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!